கிணற்றின் மேலே போன கோடு

"நான் செத்தா என்னை எந்த வழியாத் தூக்குவீங்க?"

காமராஜ் இதைக் கேட்டபோது தைலம்மாள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வாயக் கழுவுய்யா. செவ்வாக்கெழமையும் அதுவுமா பேசற பேச்சப் பாரு."

"கேட்டா இன்னா? பஸ்சுக்குப் போறவன் இது எந்த ரூட்டுல போவுதுன்னு கேக்கமாட்டானா?"

"உன் பஸ்சு இப்போதைக்கு வராது. கம்முனு படு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. தைலம்மாள் கீரையை முறத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து முதுகைத் தாங்கினாள். தொட்டால் எலும்பு எலும்பாகக் கையில் பட்டது. முப்பது வருஷம் கிணறு வெட்டின உடம்பு அது. செஞ்சியைச் சுற்றி எங்கே தோண்டினாலும் ரெண்டாள் மட்டத்தில் பாறை வந்துவிடும். தோட்டா வைத்து உடைத்து, புகை அடங்குமுன்னே உள்ளே இறங்கி, கல்லைப் பொறுக்கிக் கூடையில் போட்டு மேலே அனுப்பவேண்டும். அந்தத் தூசியெல்லாம் அவன் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு, "வீட்டுக்குக் கூட்டிம்போங்கம்மா, ஆசைப்பட்டதக் குடுங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று காலனியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே அவன் கேட்டது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை. வழி நிஜமாகவே இல்லாமல் போயிருந்தது.

குண்டுமலைக் காலனியின் கடைசி வீடு அவர்களுடையது. வீட்டைத் தாண்டிக் கல்லெறி தூரத்தில் ஒரு புங்கமரம். அங்கிருந்து ஊர்க்காரர் ராஜாங்கத்தின் கழனியோரமாக ஒரு வண்டித்தடம் புறப்பட்டு, அவர் கிணற்றைச் சுற்றி வளைந்து, காலனிச் சுடுகாட்டைத் தொட்டுக்கொண்டு, திண்டிவனம் ரோட்டுப் பாலத்தில் ஏறும். அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அந்தத் தடத்துக்கு முன்னால் ஊர்த்தெரு வழிதான் இருந்தது. தைலம்மாள் கல்யாணமாகி வந்த வருஷம் அவள் மாமியார் செத்துப்போனாள். ஊர்த்தெரு முனையில் ஊர்க்காரர்கள் மறித்துவிட்டார்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை பாடை மழையில் கிடந்தது. கடைசியில் ராஜாங்கத்தின் அப்பாதான் குடை பிடித்துக்கொண்டு வந்து, "எங் கழனி ஓரமா எடுத்துக்கினு போங்கடா. தெருவுல மட்டும் வராதீங்க" என்றார். அன்றிலிருந்து காலனியில் செத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ஆனால் அது வாய்வார்த்தை. சர்க்கார் படம் எதிலும் ஏறவில்லை.

அந்தப் பெரியவர் போய்விட்டார். ராஜாங்கத்துக்கும் வயசாகிவிட்டது. மகன் அன்புமணி அந்தக் கழனியை மனை போடப்போகிறான். பிணம் போகிற வழிக்குப் பக்கத்தில் எவன் மனை வாங்குவான்? போன வாரம் ஜேசிபி வந்தது. ஒரு காலை நேரத்தில் தடத்தைச் சுரண்டிக் கழனியோடு கழனியாக நிரவிவிட்டுப் போய்விட்டது. மேலே ரெண்டு மழை பெய்ததும் அங்கே வழி இருந்ததா என்று காலனிக்காரர்களுக்கே சந்தேகம் வரும்படி ஆகிவிட்டது.

பீமாராவ் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தான். தைலம்மாளுக்கும் காமராஜுக்கும் அவன் ஒரே பிள்ளை. மூத்தது ஒன்று மூன்று வயசில் போய்விட்டது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கிறான். வியாழக்கிழமை ஆர்.ஐ. வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"வந்து இன்னாத்தப் பாப்பாங்க? சேத்தையா?" என்றாள் தைலம்மாள். கீரைக்குழம்பும் சோறும் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"நம்மகிட்ட சாட்சி இருக்குதும்மா."

"காலனிக்காரன் சொன்னா, காலனிக்காரன் சொன்னான்னு எழுதிக்கினு போவான். ஊர்க்காரன் எவன் வந்து சொல்லுவான்?"

"ஆளு இல்லம்மா. இது." இடது கையால் போனை எடுத்துத் தரையில் வைத்தான்.

அவனுடைய சைக்கிள் கதை காலனி முழுக்கத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து தலையில் ஓட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு கோட்டை பார்க்கச் சைக்கிளில் வருவார்களே, அவர்களில் ஒருத்தரிடம் பழசாக வாங்கினான். ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெஷினும் சேர்ந்து வந்தது. தினமும் விடியற்காலை கிளம்பி, பாலத்தில் ஏறி, மேல்சித்தாமூர் வரை போய்த் திரும்புவான். லீவு நாளென்றால் மண்டகப்பட்டு. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம், எங்கே மேடு என்று அந்த மெஷின் எழுதிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அது போனுக்கு ஏறிவிடும். போனில் விழுப்புரத்துப் பையன்களும் புதுச்சேரிப் பையன்களும் பார்த்துக் கட்டைவிரல் போடுவார்கள்.

"மூணு வருஷம்மா. அறுநூத்திப் பதினாலு ரைடு. எல்லாமே நம்ம வீட்லேர்ந்து பொறப்பட்டு பாலத்துல ஏறுது. வழியே இல்லைன்னா நான் எப்பிடிப் போனேன்? சேட்லைட்டு மேலேர்ந்து பாத்துக் கோடு போட்டிருக்குது."

கட்டிலிலிருந்து காமராஜ் தலையைத் தூக்கினான். "சேட்லைட்டுக்கு நம்ம காலனி தெரியுதாடா?"

"தெரியுது நைனா."

"பரவால்லியே. பஞ்சாயத்து போர்டுக்கே தெரியல."

தைலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

சைக்கிள் வாங்கின புதிதில் ஒருநாள் பீமாராவ் அந்தப் படத்தைக் காட்டினான். மேலே அவன் மூஞ்சி. பக்கத்தில் அவன் பேர். கீழே ரத்தச் சிவப்பாக ஒரு கோடு அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பிச் சுடுகாட்டைத் தொட்டுக்கொண்டு போயிற்று. அவள் போனைத் தள்ளிவிட்டாள். "உசுரோட இருக்குறவன் பேரப் போட்டு அந்த வழிய எழுதுவாங்களாடா? எழவு வூட்லேர்ந்து கெளம்பறவன் போய்ட்டு வரேன்னுகூடச் சொல்றதில்ல. மூத்தத அங்க குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன். நீ தினம் உன் பேர அங்க எழுதி வெச்சிட்டு வரியா?" என்று ஒரு நாள் முழுக்கப் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் கிடந்தாள். அதுவரைக்கும் எழுதினதை எல்லாம் அவன் அழித்தான். அன்றிலிருந்து ஒப்பந்தம்: புங்கமரத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்திவிட வேண்டும். பாலத்தில் ஏறின பிறகுதான் மறுபடி போடவேண்டும். விடியற்காலையில் மரத்தடியிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பு பற்றவைப்பாள்.

"டேய், நீதான் மரத்தாண்ட நிறுத்திடுவியே?"

"நிறுத்தினா ஓட்டற நேரக்கணக்குதாம்மா நிக்கும். கோடு நிக்காது. இந்தா, பாரு. எங்கனா அறுந்திருக்குதா?"

பார்த்தாள். காலனியிலிருந்து மேல்சித்தாமூர் வரை ஒரே நூலாக இருந்தது. எங்கும் அறுந்திருக்கவில்லை.

"நீ சொன்ன பேச்ச நான் கேட்டேன். கோடும் கெடச்சிடுச்சி. ரெண்டும் ஆச்சில்ல?" என்று சிரித்தான். அவளும் அப்போது கொஞ்சம் சிரித்தாள். காமராஜ் ரெண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை கோட்டை மலையான ராஜகிரியின் உச்சி தெரியவில்லை. மேகம் அதுவரை இறங்கியிருந்தது. ஆர்.ஐ. ஜெயஸ்ரீ மேடம் ஸ்கூட்டியைக் காலனியிலேயே விட்டுவிட்டு, சுடிதாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு புங்கமரம் வரை நடந்து வந்தாள். ராஜாங்கமும் அன்புமணியும் ஊர்க்காரர் நாலைந்து பேரும் முன்னமே வந்து நின்றிருந்தார்கள். காலனியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், அடுத்த வீட்டு விருத்தாம்பாள். அவள் வாய்க்கு ஊரில் பாதிப்பேர் பயப்படுவார்கள்.

"இன்னா தைலம்மா, காமராசுக்கு எப்பிடி இருக்குது?" என்றார் ராஜாங்கம்.

"அப்பிடியேதான் இருக்காருங்க."

"ஆகாரம் எறங்குதா?"

"கஞ்சி எறங்குது."

"இந்தக் கெணறு அவன் வெட்டினது. பதினேழு நாள்ல தண்ணி காட்டினான்" என்று ராஜாங்கம் மேடத்திடம் சொன்னார். அன்புமணி, "நைனா, நீ கம்முனு இரு" என்றான்.

"அந்தக் கெணத்தச் சுத்தித்தான வழி போச்சி? அதையும் சேத்துச் சொல்லேன்!" என்றாள் விருத்தாம்பாள்.

"இரும்மா. ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றாள் மேடம். கையிலிருந்த படத்தைப் பிரித்தாள். "சர்வே படத்துல இங்க பாதை கெடையாது. நேர்லயும் இப்ப இல்ல. வேற இன்னா இருக்குது?"

பீமாராவ் போனைக் கொடுத்தான். சேட்லைட், அறுநூற்றுப் பதினாலு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். மேடம் கவனமாகத்தான் கேட்டாள். பிறகு ரெண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள்.

"தம்பி, பாதை கெணத்தச் சுத்திப் போச்சின்னுதான சொன்னீங்க?"

"ஆமா மேடம்."

"இதுல நேரா போவுதே."

பீமாராவ் எட்டிப் பார்த்தான். வேறொரு நாளைத் திறந்தான். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் கோடு வீட்டிலிருந்து நெளிந்து நெளிந்து வந்து புங்கமரத்தில் நின்றது. அங்கிருந்து பாலம் வரை அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரே இழுப்பு. நடுவில் கிணறு கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. கோடு அதன் மேலேயே போயிற்று.

அன்புமணியும் எட்டிப் பார்த்தான். "இன்னாடா இது! கெணத்து மேல சைக்கிள் உட்டியா? அறுநூறு தபா? சர்க்கஸ்ல சேந்திருந்தா இந்நேரம் பெரியாளு ஆயிருப்பியே!"

அவன் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். காலனிப் பையன் ஒருத்தனும் வாயைப் பொத்திக்கொண்டான். பீமாராவ் முகம் செத்துப்போயிற்று.

"நடுவுல நிறுத்தியிருக்கீங்க தம்பி" என்றாள் மேடம் மெதுவாக. "நிறுத்தின எடத்துக்கும் மறுபடி போட்ட எடத்துக்கும் அதுவா ஒரு கோடு போட்டு ஒட்டவெச்சிருக்குது. நீங்க போன வழி இதுல இல்ல. ஒரு நாளாவது நிறுத்தாமப் போயிருக்கீங்களா?"

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல மேடம்" என்றான்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்." தைலம்மாள் முன்னால் வந்தாள். "சுடுகாட்டு வழியில எம்புள்ள பேர எழுத வேணாம்னு நான்தாம்மா சொன்னேன். மொதல்ல எழுதினதையும் நான்தான் அழிக்கச் சொன்னேன்."

தூறல் போட ஆரம்பித்தது.

"கேட்டுக்கிங்க மேடம்" என்றான் அன்புமணி. "அவங்களே வேணாம்னு நிறுத்திக்கின வழி. நாங்களா நிறுத்தினோம்?"

"அவ கண்டாளாடா இப்பிடி ஆவும்னு? பெத்தவ பயம் உனுக்கு இன்னா தெரியும்?" என்று விருத்தாம்பாள் கத்தினாள். ராஜாங்கம் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேடம் படத்தை மடித்தாள். "நான் பாத்ததத்தான் எழுத முடியும். பதினஞ்சு நாள் கழிச்சி இன்னொரு விசாரணை வெக்கறேன். அதுக்குள்ள ஏதாவது இருந்தாக் கொண்டாங்க. ஆனா ஒரு தபா போய்ட்டு வந்து காட்டினாப் பாதை ஆவாது. பொழங்கற வழின்னு தெரியணும்." போகும்போது தைலம்மாளின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தால், காமராஜ் கண்ணை மூடாமல் காத்திருந்தான்.

"இன்னா ஆச்சி?"

"எழுதிக்கினு போயிருக்காங்க."

"தைலம், எனக்கு மூச்சுதான் இல்ல, காது இருக்குது. மரத்தாண்ட சிரிச்சது இங்க வரைக்கும் கேட்டுது."

அவள் சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். "என் பயத்தால உன் வழி போச்சுய்யா" என்றாள்.

அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்: "கெணத்து மேலயா போவுது?"

"ஆமா."

"அந்தக் கெணத்துல அடிப்பாறை ஒடைக்கறப்ப ஒரு கல்லு தெறிச்சி எங் காதாண்ட போச்சி. அன்னிக்கே போயிருந்தா நேரா அங்கியே எறக்கியிருக்கலாம். இவ்ளோ ரோதனை இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டான். "ஊர்த்தெருவுல மட்டும் என்னை வெச்சிப் பஞ்சாயத்து பேசாதீங்க. எங்கம்மா நனைஞ்சது போதும்."

அதற்கப்புறம் அவன் அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை கோழி கூப்பிட்ட பிறகு, தைலம்மாள் வெந்நீர் வைக்கப் போன கொஞ்ச நேரத்துக்குள் போய்விட்டான்.

"சனிப்பொணம் தனிப்போவாது" என்று யாரோ சொன்னார்கள். விருத்தாம்பாள் தன் வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றைப் பிடித்துவந்து பாடைக் கழியில் கட்டினாள். அது மழையில் நனைந்துகொண்டு கத்திக்கொண்டேயிருந்தது. எந்த வழியாக எடுப்பது என்று வெளியே ஆம்பிளைகள் பேசினார்கள். ரோட்டில் வைத்து மறியல் பண்ணலாம் என்றான் ஒருத்தன். போலீசுக்குச் சொல்லிவிட்டு ஊர்த்தெரு வழியாகவே போகலாம், இந்தக் காலத்தில் எவன் தடுப்பான் என்றான் இன்னொருத்தன். தைலம்மாள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள்.

"எங்கியும் வேணாம். எப்பவும் போற வழியாத் தூக்குங்க."

"சேறும்மா. முட்டிக்கால் வரைக்கும் உள்ள போவுது."

"போவட்டும்."

பீமாராவ் தலை மழித்து, மேலில் துணியில்லாமல், ஈர வேட்டியோடு நீர்க்குடத்தைத் தோளில் தாங்கி நின்றான். அவள் அவனிடம் போனாள்.

"அந்த மெஷின எடுத்தா."

"அம்மா?"

"உனுக்குக் கையும் ஆவாது, ஜோபியும் இல்ல. எங்கிட்ட குடு. எப்பிடிப் போடறதுன்னு மட்டும் சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். குடத்தை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளிலிருந்து மெஷினைக் கழற்றி வந்து, பட்டனைத் தொட்டுக் காட்டினான். "இத ஒரு தபா அமுக்கு. சத்தம் வரும். அவ்ளோதான்."

அமுக்கினாள். 'பீப்' என்றது. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புங்கமரத்தடியில் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கமில்லை. கடைசியாக ஒருமுறை மாரடித்துவிட்டுத் திரும்பிக் குளிக்கப் போகவேண்டும். விருத்தாம்பாள் அவள் கையைப் பிடித்தாள்.

"வா தைலம். இத்தோட நமக்கு இல்ல."

"நீ போக்கா."

"தாலி அறுக்கறதுக்கு முன்ன எவளாவது அங்க போவாளாடி? புள்ள ஒன்னு இருக்குதுடி உனுக்கு."

"அவனுக்காகத்தான் மூணு வருஷம் நிறுத்தினேன். பாத்தியே, அது எதுல கொண்டுபோய் உட்டுதுன்னு." கையை விடுவித்துக்கொண்டாள்.

சேறு காலைப் பிடித்து இழுத்தது. தூக்கியவர்கள் நாலு பேரும் ஓரடிக்கு ஒருமுறை தடுமாறினார்கள். கோழிக்குஞ்சு கத்தியது. பாதை எங்கே இருந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கால்களுக்குத் தெரிந்தது. கிணறு வந்ததும் முன்னால் போனவர்கள் தாமாகவே வளைந்தார்கள். கிணற்றடி மோட்டார் கொட்டகையில் ராஜாங்கம் நின்றிருந்தார். அன்புமணியைக் காணோம். பாடை பக்கத்தில் வந்தபோது ராஜாங்கம் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தைலம்மா, நீ ஏன் வர? பொம்பளைங்க வரக்கூடாதே."

"வழி எழுத வரேங்க."

அவரைத் தாண்டிப் போகும்போது, "நான் சொன்னா அவன் கேக்கறதில்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

நடுவழியில் பாடையை இறக்கினார்கள். தலைமாட்டைக் கால்மாடாக்கித் திருப்பித் தூக்கவேண்டிய இடம். இறக்கி, சேற்றில் வழுக்கி, ரெண்டு சுற்று சுற்றித் திருப்பினார்கள். அவள் ஓரடி தள்ளி நின்று மெஷினை முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம், எல்லாம் முடிந்து, வாசலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது பீமாராவ் அந்த மெஷினைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி நிறுத்துவது என்று அவள் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. சுடுகாட்டிலிருந்து ஏரிக்குப் போய்க் குளித்தது, வீட்டுக்கு வந்தது, வீட்டுக்குள் கட்டில் கிடந்த இடத்துக்கும் அடுப்புக்கும் நடந்தது எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது.

அவன் படத்தைப் பெரிசாக்கி அவளிடம் காட்டினான். கோடு புங்கமரத்தில் நிற்கவில்லை. கிணற்றை அழகாகச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இங்க இன்னாடா நூலு சிக்குன மாரி இருக்குது?"

"அங்கதாம்மா நைனாவத் திருப்பினோம்."

அவள் அந்தச் சிக்கலின் மேல் விரலை வைத்தாள். படம் நகர்ந்துவிட்டது. அவன் மறுபடி கொண்டுவந்து வைத்தான்.

"சைக்கிள்ல போனதா நெனச்சி, காலை சவாரின்னு அதுவே பேர் போட்டிருக்குது. மாத்தட்டுமா?"

"இருக்கட்டும். இது ஒன்னுதான?"

"ஒன்னுதாம்மா."

"ஒன்னு போதாதுன்னுதான அந்தம்மா சொன்னாங்க?"

அவன் தலையை ஆட்டினான்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க விடியற்காலை கிளம்பினார்கள். மழை விட்டிருந்தது. கழனியில் புதிதாகக் கல்தூண்கள் நட்டிருந்தார்கள், பாலத்துப் பக்கமிருந்து வரிசையாகக் கிணறு வரை. கம்பி இன்னும் இழுக்கவில்லை. சுருள் சுருளாகக் கொட்டகையில் கிடந்தது. இன்றைக்கோ நாளைக்கோ இழுத்துவிடுவார்கள். விசாரணைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

பால்சொம்பு பீமாராவ் கையில் இருந்தது. சைக்கிளை அவன் எடுக்கவில்லை. தைலம்மாள் வாசலிலேயே நின்று பட்டனை அமுக்கினாள். 'பீப்' என்றது.

"நாளைக்கும் போவணும்" என்றாள். "கம்பி போட்டா குனிஞ்சி போவணும்."

புங்கமரம் வந்தது. மூன்று வருஷத்துப் பழக்கம். அவள் காது அந்த இன்னொரு சத்தத்துக்காகத் தானாகவே காத்திருந்தது. சத்தம் வரவில்லை. தைலம்மாள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.